ஆய்வேட்டிலிருந்து வகுப்பறைக்கு: தமிழ்மொழி கற்பித்தலில் ஆய்வுப் பயன்பாடும் அதன் தடைகளும்

முன்னுரை

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பின் 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. அன்று தொட்டு இவ்வட்டாரத்தில் தமிழாய்வு நடந்தே வருகிறது. அண்மைக் காலத்தில் தமிழ்மொழிக் கற்றல் கற்பித்தல் குறித்த ஆய்வேடுகளும் பெருகியுள்ளன. ஆயினும், இவ்வாய்வுகள் ஆசிரியரின் பாடக்குறிப்பில் எந்த அளவிற்கு இடம்பெற்றுள்ளன என்னும் வினா விடையின்றியே நிற்கிறது. ஆசிரியர்கள் ஆய்வுகளைப் படிப்பதில்லை என்பது கல்வியாளர்கள் வழக்கமாகக் கூறும் குறை. தடையின் பெரும்பகுதி ஆய்வாளர் பக்கமே உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து.

பேச்சுத்தமிழ்: ஒரு சான்று

சார்ல்ஸ் பெர்குசன் இரட்டை வழக்கு பற்றிய தம் கட்டுரையை 1959இல் வெளியிட்டார். அக்கோட்பாட்டைத் தமிழுக்குப் பொருத்திப் பிரான்சிஸ் பிரிட்டோ எழுதிய நூல் 1986இல் வந்தது. ஹெரால்ட் ஷிஃப்மனின் பேச்சுத்தமிழ் இலக்கணம் 1999இல் வெளிவந்தது. சிங்கப்பூரில் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடமளிக்க வேண்டுமென 2005ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. கோட்பாட்டிற்கும் பரிந்துரைக்கும் இடையே 46 ஆண்டுகள் உள்ளன.

இக்காலத்தாழ்வுக்கு ஆய்வுப் பற்றாக்குறை காரணமன்று. வீட்டில் தமிழ் குறைந்துவருவது கண்கூடான பின்னரே ஆய்வு முடிவுக்குச் செவிமடுக்கப்பட்டது. சிங்கப்பூர் இந்தியருள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர். 2020இல் ஏறத்தாழ 27 விழுக்காட்டினர்.

பாடத்திட்டத்தில் இடம்பெற்ற பின்னும் ஆய்வின் பயணம் முற்றுப்பெறவில்லை. “அவங்க வந்தாங்க” என்று வாய்மொழிப் பயிற்சியில் கூறும் மாணவனைப் பாராட்டும் ஆசிரியர், அதையே அவன் கட்டுரையில் எழுதினால் திருத்த வேண்டும். எவ்வகுப்பில், எந்த நிலையில், எவ்வாறு இவ்வேறுபாட்டை உணர்த்துவது? வட்டாரப் பேச்சுக்கும் தரமான பேச்சுக்கும் எல்லை எங்கே? ஆசிரியருக்கு அன்றாடம் எழும் இவ்வினாக்களை ஆய்வேடுகள் பெரும்பாலும் “மேலாய்வுக்குரியவை” என்று ஒதுக்கிவிடுகின்றன. எழுத்துத்தமிழில் பெற்ற தேர்ச்சியாலேயே தம் பணியையும் மதிப்பையும் பெற்றவர் தமிழாசிரியர். அவரிடம் பேச்சுவழக்கை வகுப்பில் ஏற்குமாறு கூறுவது வெறும் உத்தி மாற்றமன்று. அவரது தயக்கத்தை அறியாமை எனக் கொள்வது பிழை.

தடைகள்

முதல் தடை மொழி. தமிழ் கற்பித்தல் பற்றிய ஆய்வேடுகளுள் பல ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதப்படுகின்றன. அவற்றின் கலைச்சொற்களுக்கு ஒருமித்த தமிழாக்கமும் இல்லை.

இரண்டாவது, ஆய்வின் அமைப்பு. வினாநிரல் வழங்கி மனப்பான்மையை அளந்து, “ஆசிரியர்களுக்குப் பயிற்சி தேவை” என்று முடியும் ஆய்வுகள் மிகுதி. எத்தகைய பயிற்சி, எத்தனை மணி நேரம், எந்தப் பாடப்பகுதியில் என்பதைக் கூறாத பரிந்துரையை ஆசிரியர் செயற்படுத்த இயலாது. முப்பது மாணவரிடம் பெற்ற முடிவைத் தம் வகுப்புக்கு அப்படியே கொண்டுவர அவர் தயங்குவதும் முறையே.

மூன்றாவது, தேக்கம். ஆசிரியர்கள் தாமே செயலாய்வு செய்கின்றனர். லகர ளகர ழகர மயக்கம் அவற்றுள் திரும்பத் திரும்ப வரும் பொருள். ஒவ்வோர் ஆய்வும் முதலிலிருந்தே தொடங்குகிறது. முன்னவர் கையாண்ட உத்திகளுள் எது பயனளித்தது, எது அளிக்கவில்லை என்பதைத் தொகுத்துரைப்பார் அரியர். அப்பணி பல்கலைக்கழகத்திற்கு உரியது. ஆனால், தரவரிசை இதழ்க் கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்பு, ஆசிரியர்க்கான தமிழ்க் கையேட்டிற்குக் கிடைப்பதில்லை.

தேர்வு நெருக்கடியே தடை என்பாரும் உளர். மலேசியாவில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு நீங்கியதால் மட்டும் ஆய்வு வகுப்பறைக்குள் நுழைந்துவிடவில்லை. ஆதலின் அக்காரணம் ஒன்றே போதுமானதன்று.

ஓர் அனுபவம்

இக்கட்டுரையாளர் தம் முனைவர் பட்ட ஆய்வை வெளிநாட்டில், ஆங்கிலத்தில் சமர்ப்பித்தவர். தரவுக்காகத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் சில வாரங்கள் பாடங்களை ஒலிப்பதிவு செய்தார். ஆசிரியரின் வகுப்பறைப் பேச்சில் எழுத்துத்தமிழே மேலோங்கியிருந்தது என்பது ஆய்வின் முடிவுகளுள் ஒன்று. ஆய்வேட்டின் படி ஒன்று அவ்வாசிரியருக்கு அனுப்பப்பட்டது. பல்லாண்டுகளுக்குப் பின் ஒரு பயிலரங்கில் சந்தித்தபோது அவர், “டாக்டர், என் வகுப்பப் பத்தி என்ன எழுதினீங்க? நன்றியுரையில என் பேரு இருந்திச்சி, அது மட்டும்தான் படிச்சேன்” என்றார். முடிவைக் கூறியதும் அவர் சிரித்தார். “நீங்க பதிவு செஞ்ச நாள்ல மட்டும்தான் நான் அப்படிப் பேசினேன்” என்றார்.

ஆய்வாளர் முன்னிலையில் பேச்சு மாறும் என்பதை வில்லியம் லபோவ் நெடுநாள் முன்னரே சுட்டியுள்ளார். ஆய்வேட்டின் ஒரு பத்தியில் அதுவும் குறிக்கப்பட்டிருந்தது. எனினும், முடிவைத் தமிழில் எழுதி அவ்வாசிரியரிடம் ஒருமுறை காட்டியிருந்தால், அப்பிழை அச்சேறுவதற்கு முன்பே திருத்தப்பட்டிருக்கும்.

முடிவுரை

ஆய்வைப் பயன்படுத்துவதற்கான தடை ஆசிரியரை மட்டும் பாதிப்பதில்லை என்பது இதனால் பெறப்படும். வகுப்பறைக்குத் திரும்பாத ஆய்வு, தன் தவற்றை அறியும் வாய்ப்பையும் இழக்கிறது. ஆகவே, ஒவ்வோர் ஆய்வேட்டுடனும் ஆசிரியர்க்கென நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கமும் மாதிரிப் பாடம் ஒன்றும் இணைக்கப்பட வேண்டும். தரவு தந்த ஆசிரியரிடம் முடிவைக் காட்டி அவர்தம் மறுமொழியைப் பதிவு செய்வதைத் துறைகள் நெறியாக்க வேண்டும். செயலாய்வுகளைப் பொருள்வாரியாகத் தொகுக்கும் பணியை லகர ளகர ழகர மயக்கத்திலிருந்தே தொடங்கலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஆசிரியரைத் தரவு தருபவராக மட்டும் காணாமல், ஆய்வின் முதல் வாசகராகவும் காணும் மனநிலையே தேவை.