குணமும் நோயும்: இரு தன்வரலாறுகள் பற்றிய ஒரு நோக்கு

மனநோய்க்கு ஆளானோர் தம் அநுபவத்தைத் தாமே எழுத்தில் வடித்த தன்வரலாறுகள் ஆங்கிலத்தில் ஏராளம். அவற்றுட் பெரும்பாலானவை துன்பத்தை விரித்துரைத்து, மீட்சியைக் கூறி, நன்றியுரையுடன் நிறைவுபெறுவன. அத்தகைய நூல்களினின்றும் விலகி நிற்கும் இரண்டு அமெரிக்க நூல்கள் ஈராண்டு இடைவெளியில் வெளிவந்தன. ஒன்று, சூசன்னா கெய்சன் 1993இல் வெளியிட்ட 'கேர்ள், இன்ரறப்ரட்'. மற்றையது, கே றெட்பீல்ட் ஜேமிசன் 1995இல் வெளியிட்ட 'அன் அன்குவயற் மைன்ட்'. முன்னையது 'எல்லைநிலை ஆளுமைக் கோளாறு' என்ற பெயர் சூட்டப்பெற்ற ஒரு பெண்ணின் நூல். பின்னையது, இருதுருவ நோய் என இன்று பெரிதும் வழங்கப்படும் பித்து-சோர்வு நோயினால் வருந்திய உளவியற் பேராசிரியர் ஒருவரின் நூல். இரண்டும் நடையிலும் நோக்கிலும் பெரிதும் வேறுபட்டவை. ஆயினும் இரண்டும் எழுப்பும் வினா ஒன்றே. ஒருவரிடத்துக் காணப்படும் வேகம், சினம், களிப்பு, வெறுமை என்பவற்றுள் எவை அவரது குணம், எவை அவரது நோய்? அதனை வகுத்துரைக்கும் உரிமை யாருக்குரியது?

இவ்வினாவின் கனத்தை உணர்வதற்கு இரு பெயர்களின் வரலாற்றையும் சிறிது அறிதல் வேண்டும். பித்தும் சோர்வும் ஒரே நோயின் இரு முகங்கள் என்ற கருத்தை நிலைநிறுத்தியவர் ஜேர்மன் மருத்துவர் எமில் கிறெப்பலின். 1899இல் வெளிவந்த தமது பாடநூற் பதிப்பில் அவர் இதனை வேறொரு பெரும் மனநோயினின்றும் பிரித்துக் காட்டினார். மற்றைய பெயரோ தெளிவற்ற பிறப்புடையது. 1938இல் அடொல்ஃப் ஸ்ரேர்ன் என்னும் உளப்பகுப்பாய்வாளர், எந்த வகுப்பிலும் அடங்காத சில நோயாளரைக் குறிக்க 'எல்லை' என்ற சொல்லைக் கையாண்டார். நரம்புத்தளர்ச்சி வகைப்பட்ட நோய்கள் ஒருபுறமும் சித்தப்பிரமை மறுபுறமும் இருக்க, இடையில் நின்றோருக்கு இட்ட பெயர் அது. ஒரு நாட்டின் பெயரைச் சொல்லாது அதன் வேலியை மட்டும் சுட்டுவது போன்ற பெயர். இச்சொல்லை, பெயர்ச்சொல்லைத் தேடி அலையும் பெயரடை என்று ஹகொப் அகிஸ்கலும் அவரது சகாக்களும் 1985இல் ஒரு கட்டுரைத் தலைப்பிலேயே எள்ளினர். அகிஸ்கலின் கட்சி, இக்கோளாறு எனப்படுவதிற் பெரும்பகுதி உண்மையில் மனநிலை நோய்களின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதாகும். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூலில் எல்லைநிலை ஆளுமைக் கோளாறு முறைப்படி இடம்பெற்றது 1980இலேதான்.

கெய்சனின் கதை அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முந்தியது. 1967 ஏப்ரலில், பதினெட்டு வயதில், தாம் முன்பு கண்டிராத ஒரு மருத்துவரைச் சந்தித்த அன்றே அவர் வாடகைக் காரில் ஏற்றப்பட்டு மசச்சூசெற்ஸ் மாநிலத்து மக்லீன் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார். அதற்கு முன் ஐம்பது அஸ்பிரின் மாத்திரைகளை விழுங்கியிருந்தார். ஏறக்குறைய இரண்டாண்டுகள் அங்கே கழிந்தன. றொபேட் லோவெல், சில்வியா பிளாத் ஆகிய கவிஞர்களும் தங்கியிருந்த இடம் அது. செல்வர் வீட்டார்க்கே கட்டுப்படியாகக்கூடிய இடமுமாகும்.

இந்நூலின் சிறப்பு அதன் அமைப்பில் உள்ளது. தொடர்ந்து செல்லும் கதை இதில் இல்லை. இரண்டு மூன்று பக்க அளவிலான துண்டுகள். அவற்றிடையே வைத்தியசாலையின் உண்மையான பதிவேட்டுத் தாள்கள். இருபத்தைந்து ஆண்டுகளின் பின் ஒரு சட்டத்தரணியின் துணையோடு தமது கோவையைப் பெற்ற கெய்சன், முந்நூற்றைம்பது பக்கங்கள் கொண்ட அதன் சில தாள்களை எவ்வித மாற்றமுமின்றி நூலினுள் வைத்துள்ளார். தட்டச்சில் அமைந்த அத்தாள்களின் வறண்ட மொழி ஒருபுறம், அவரது கூரிய நகைச்சுவை மறுபுறம். இவை இரண்டும் ஒரே பெண்ணைப் பற்றியன என நம்புவது வாசகருக்குக் கடினமாகிறது. ஆசிரியரின் வாதம் முழுவதும் இந்த மோதலிலேயே அடங்கியுள்ளது. தம்மை அனுப்பிய மருத்துவர் எவ்வளவு நேரம் தம்மைப் பரிசோதித்தார் என்ற கேள்விக்கு, ஏட்டிற் குறிக்கப்பட்ட நேரங்களையும் தம் நினைவையும் அருகருகே வைத்துக் கணக்குப் பார்க்கும் பகுதி, ஒரு வழக்காடு மன்றக் காட்சிக்கு நிகரானது. யாரை நம்புவது என்ற பொறுப்பு வாசகரிடம் விடப்படுகிறது.

நூலின் மையம், கைந்நூலின் 1987ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பிலுள்ள வரைவிலக்கணத்தை முழுமையாக எடுத்துவைத்து, அடுத்த இயலில் அதற்கு அவர் எழுதும் உரை. உரை என்றே அதனைக் கூறல் வேண்டும். மூலத்தைச் சொற்சொல்லாகப் பிரித்து ஐயம் எழுப்பி விடைகாணும் உரையாசிரியரின் முறையையே அவர் கைக்கொள்கிறார். தன்னைப் பற்றிய உறுதியின்மை, எந்தத் தொழிலை எந்த நண்பரைத் தேர்வதென்ற தடுமாற்றம், வெறுமை என்பன பதினெட்டு வயதினர் யாவர்க்கும் பொருந்துமே என்பது ஓர் ஐயம். பாலுறவில் வரம்புமீறல் என்பதன் வரம்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதானா என்பது மற்றோர் ஐயம். இக்கோளாறு பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது என்ற வாக்கியத்தை அவர் தனியே எடுத்து நிறுத்திக் காட்டுகிறார். கல்லூரிக்குச் செல்ல மறுத்து, எழுத்தாளராக விரும்பிய மகள், கல்விமான்களின் குடும்பமொன்றுக்குப் பெரும் இடர்ப்பாடு. அவ்விடர்ப்பாட்டுக்கு மருத்துவப் பெயர் கிடைத்தது. இறுதியில் அவரை வெளியேற வைத்தது திருமண விண்ணப்பம் ஒன்று. அக்காலச் சமூகம் பெண்ணின் நலத்தை எவ்வாறு அளந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

இவ்வளவும் கெய்சனின் வெற்றி. ஆயினும் அவரது எள்ளல் சில இடங்களில் அவருக்கே திரையாகிவிடுகிறது என்பதையும் சொல்லவேண்டும். கையில் எலும்பு இருக்கிறதா என்று அறியத் தன் தசையைத் தானே கடித்துப் பார்க்கும் பெண்ணை அவர் காட்டுகிறார். அக்காட்சியின் பயங்கரம் உண்மையானது. அடுத்த பக்கத்திலேயே நகைச்சுவை திரும்பிவிடுகிறது. தமக்கு ஒன்றும் நேரவில்லை என்று அவர் எங்கும் கூறவில்லை. நேர்ந்தது இன்னதென்றும் கூறவில்லை. கைவிடப்படுவேன் என்ற அச்சம், ஒருவரைத் தெய்வமாகப் போற்றி மறுகணமே வெறுத்தல், மணிக்கணக்கில் மாறும் மனநிலை ஆகிய இக்கோளாற்றின் அடிப்படைக் கூறுகள் இன்னொருவரோடு கொள்ளும் உறவிலேதான் வெளிப்படுவன. இந்நூலில் பெற்றோர் ஏறக்குறைய இல்லை, காதலரும் நிழலுருவினரே. எனவே, பெயர் பிழையா சரியா என்று வாசகர் தீர்ப்பதற்கு வேண்டிய சாட்சியை ஆசிரியர் தம்மிடமே வைத்துக்கொண்டார் எனலாம்.

ஜேமிசனின் நூல் இதற்கு மறுதலையானது. இங்கே உறவினர், காதலர், மருத்துவர், சகாக்கள் அனைவரும் நிறைந்துள்ளனர். விமானப்படையைச் சார்ந்த குடும்பத்திற் பிறந்து, வானிலை ஆய்வாளரான தந்தையின் பொங்கும் களிப்பையும் பின்னர் அவரது இருண்ட சோர்வையும் கண்டு வளர்ந்தவர் அவர். முதல் நோய் பள்ளிக்கூடத்தின் இறுதி ஆண்டில் வந்தது. 1974இல் லொஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து மூன்று மாதங்களுள் கடும் பித்துநிலைக்கு உட்பட்டார். பாம்புக்கடி மருந்துப் பெட்டிகள் பலவற்றை வாங்கிக் குவித்தமையும், பெங்குவின் பறவைகள் கூட்டமாக வாழட்டும் என்று பெங்குவின் பதிப்பக நூல்களை வாங்கியமையும் அவரே கூறுபவை. சிரிக்க வைக்கும் அச்செய்திகளின் பின்னே கடன் பட்டியலும், முறிந்த மணவாழ்வும், லிதியம் மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கிச் சாவின் விளிம்புவரை சென்ற நாளும் வருகின்றன. இந்நோய் பற்றிய பெரும் பாடநூலொன்றை பிரெடறிக் குட்வினுடன் இணைந்து 1990இல் எழுதியவரும் இவரே. நோயைக் கற்பிப்பவரே நோயாளி என்ற நிலை நூலுக்கு அரிய வலிமை தருகின்றது.

'இருதுருவ நோய்' என்ற புதிய பெயரை ஜேமிசன் ஏற்பதில்லை. பித்தையும் சோர்வையும் எதிரெதிர்த் துருவங்களாக நிறுத்தும் அப்பெயர், இரண்டும் ஒன்றோடொன்று கலந்து வரும் கொடிய நிலையை மறைத்துவிடுகிறது என்பது அவரது வாதம். கெய்சன் தமக்கு இடப்பட்ட பெயரை வழக்கிற்கு இழுத்தார். ஜேமிசனோ பழைய, கடுமையான பெயரை விரும்பி ஏற்றார். இரண்டும் பெயரைப் பற்றிய போராட்டங்களே.

குணம்-நோய் என்ற வினா ஜேமிசனிடத்தே மிகச் சிக்கலாகின்றது. கிறெப்பலினே தமது பாடநூலின் பிற்பதிப்பில், நோய் வராத காலத்தும் நோயாளரிடத்தும் அவர்தம் உறவினரிடத்தும் காணப்படும் நான்கு அடிப்படை இயல்புகளைச் சுட்டியிருந்தார்: சோர்ந்த இயல்பு, பொங்கும் இயல்பு, எரிந்துவிழும் இயல்பு, ஏறி இறங்கும் இயல்பு. இக்கோட்பாட்டின்படி நோய் என்பது வெளியிலிருந்து வந்து பற்றுவதன்று. குணத்தின் வேரிலிருந்து கிளைப்பது. ஜேமிசன் இதனை மனமார ஏற்பவர். அப்படியாயின் லிதியம் எதனை அகற்றுகின்றது? அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட் 1949இல் கண்டறிந்து வெளியிட்ட இம்மருந்து அவரது உயிரைக் காத்தது. அதே மருந்து பல்லாண்டுகள் அவரை ஒரு நூலைத் தொடர்ந்து வாசிக்க இயலாதவராக்கியது. வாசிப்பே வாழ்வாகக் கொண்ட ஒருவருக்கு அது சிறிய இழப்பன்று. மருந்தை அவர் மீண்டும் மீண்டும் நிறுத்தியதற்குப் பக்க விளைவுகள் மட்டும் காரணமல்ல. தம் வேகமும் உவகையும் தாமே என்று அவர் எண்ணினார். தம்மைத் தாமே வென்று நிமிரவேண்டும் என்ற குடும்பப் போதனையும் அதற்குத் துணைபோயிற்று. நூலின் மிகச் சிறந்த பக்கங்கள் இப்பிணக்கைப் பற்றியனவே.

தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் ஒரு சொல் நினைவுக்கு வருதல் இயல்பு. ஒருவரது இயல்பையும் 'குணம்' என்கிறோம். நோய் தீர்தலையும் 'குணமாதல்' என்கிறோம். குணமாவது குணத்தை இழப்பதாயின் என் செய்வது என்ற ஜேமிசனின் அச்சத்தை நம் மொழி ஒரே சொல்லில் அடக்கி வைத்துள்ளது.

நூலின் இறுதியில், தெரிவு தம்மிடம் இருப்பின் இந்நோயை ஏற்பேனா என்று கேட்டு, லிதியம் கிடைக்குமாயின் ஏற்பேன் என்ற முடிவுக்கு ஜேமிசன் வருகிறார். பலராலும் போற்றப்படும் இப்பகுதியே நூலின் பலவீனமான பகுதியுமாகும். நோய் தந்த ஆழ்ந்த உணர்ச்சியையும் தீவிரத்தையும் அவர் பேறாகக் கொண்டாடும்போது, அவருக்குக் கிடைத்த நல்ல மருத்துவரும், பொறுத்துக்கொண்ட பல்கலைக்கழகமும், கடனைத் தீர்த்துவைத்த தமையனும் பின்னணியில் மறைந்துவிடுகின்றனர். அவை இல்லாதார்க்கு அதே நோய் வேறு முடிவையே தரும். இதனை ஜேமிசன் அறியாதவரல்லர். மருந்தை மறுத்து இறந்த நோயாளி ஒருவரைப் பற்றி அவரே உருக்கமாக எழுதியுள்ளார். அறிந்திருந்தும் இறுதி இயலின் இசை அவரை இழுத்துச் சென்றுவிட்டது.

இரு நூல்களையும் அருகருகே வைத்து வாசிப்பவர் ஒன்றை எளிதிற் காண்பர். வேகமாக ஓடும் பைத்தியம், மெதுவாக உறையும் பைத்தியம் என்று கெய்சன் பிரித்து எழுதும் இயல், ஜேமிசனின் நூலினுள் வைத்தாலும் பொருந்தும். உள்ளிருந்து விவரிக்கையில் இரு நோய்களும் அவ்வளவு ஒத்தவை. ஆளுமைப் பண்புகளை அளந்த ஆய்வாளரும் இவ்வொற்றுமையைக் கண்டுள்ளனர். எளிதில் கலங்கும் தன்மை இரு சாராரிடமும் மிகுதி. வேறுபாடு பிறவற்றில் உள்ளது. இருதுருவ நோயாளர் நோய் நீங்கிய இடைக்காலத்தில் பிறரோடு கலந்து பழகுவதிலும் புதியதை நாடுவதிலும் ஒப்பளவில் முன்னிற்பர். எல்லைநிலைக் கோளாறுடையோரிடம் பிறரோடு இணங்கிச் செல்லலும் ஒழுங்கைக் கடைப்பிடித்தலும் குறைந்து காணப்படும். காலமும் ஓர் அளவுகோல். பித்துநிலை ஒரு வாரமேனும் நீடிக்கும். சோர்வு இரண்டு வாரமேனும் நிற்கும். எல்லைநிலையினரின் மனமோ ஒரு கடுஞ்சொல்லால், வராத ஒரு கடிதத்தால், ஒரே நாளிற் பலமுறை புரளும். இரண்டும் ஒருவரிடத்திலேயே சேர்ந்திருத்தலும் அரிதன்று.

இது வெறும் சொற்பிணக்கன்று. ஒரு பெயர் லிதியத்துக்கு இட்டுச் செல்லும். மற்றையது மார்ஷா லினெகன் வகுத்த உளச்சிகிச்சைக்கு இட்டுச் செல்லும். பெயர் மாறினால் மருந்தும் மாறும். அதைவிட, 'நோய்' என்றால் இரங்கும் மருத்துவர் 'ஆளுமை' என்றால் முகம் சுளிப்பதுண்டு. இளம் வயதிற் தாமே மனநோய் வைத்தியசாலையில் அடைபட்டிருந்ததை லினெகன் 2011இலேயே பகிரங்கமாகக் கூறினார் என்பது இவ்வேறுபாட்டை உணர்த்தப் போதுமானது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்வகைப்பாடு, ஆளுமைக் கோளாறுகளின் பழைய தனித்தனிப் பெயர்களைக் கைவிட்டு, கடுமையின் அளவையும் பண்புக்கூறுகளையும் கொண்டு அவற்றை வகுக்க முற்பட்டுள்ளது. 'எல்லைநிலை' மட்டும் ஒரு துணைக்குறிப்பாக எஞ்சி நிற்கின்றது. எள்ளப்பட்ட பெயரடை அவ்வளவு எளிதில் விடைபெறுவதாயில்லை.

ஆளுமை மாறாதது என்ற எண்ணமே இப்பெயரின் மிகப் பெரிய கொடுமை. 1992இல் தொடங்கி எல்லைநிலை நோயாளரை ஆண்டுக்கணக்கிற் பின்தொடர்ந்த மேரி சனறினியின் ஆய்வு, அவர்களிற் பெரும்பாலோரின் நோய்க்குறிகள் பத்தாண்டுகளுள் தணிந்தமையைக் காட்டியது. அவ்வாய்வு நடந்தது கெய்சன் இருந்த அதே மக்லீனில்.

கெய்சனின் நூலை 1999இல் ஜேம்ஸ் மங்கோல்ட் திரைப்படமாக்கினார். லீசா என்னும் நோயாளியாக நடித்த அஞ்சலினா ஜோலிக்கு ஒஸ்கார் விருது கிடைத்தது. படத்துக்கு ஓர் உச்சக்கட்டம் தேவைப்பட்டதால், நூலில் இல்லாத தப்பியோட்டமும், வைத்தியசாலையின் நிலக்கீழ்ச் சுரங்கவழியில் லீசாவுடனான மோதலும் சேர்க்கப்பட்டன. நூலில் அச்சுரங்கவழிகள் கெய்சனுக்குப் பிடித்தமான இடம். அமைதியும் வெதுவெதுப்பும் உடையவை. சமூகவிரோத ஆளுமை என்று ஏட்டில் எழுதப்பெற்ற லீசா, படத்தின் முடிவில் கட்டிலிற் கட்டுண்டு கிடக்கிறாள். கெய்சன் பல ஆண்டுகளின் பின் அவளைத் தெருவிற் சந்திக்கும்போது அவள் தன் சிறு மகனைக் கைப்பிடித்து நடத்திச் செல்கிறாள்.