மூச்சு திரும்பும் இடம்

மவுத் ஆர்கன் என்றதும் நம்மில் பலருக்கு 'ஷோலே' (1975) நினைவுக்கு வரும். அமிதாப் பச்சன் தனியாக உட்கார்ந்து வாசிப்பாரே, அந்த மெட்டு. திரைக்குப் பின்னால் வாசித்தவர் பானு குப்தா. அதைக் கேட்டு ஆசைப்பட்டு ஒரு மவுத் ஆர்கன் வாங்கி, கொஞ்ச நாளில் மேசை டிராயரில் போட்டு மறந்தவர்கள் ஏராளம். குறை அவர்களிடம் இல்லை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மவுத் ஆர்கனில் ஒரே ஒரு ஸ்கேலின் ஸ்வரங்கள்தான் உண்டு. கீபோர்டில் நடுவே இருக்கும் கறுப்புக் கட்டைகள் அதில் இல்லை. நமக்குப் பிடித்த சினிமாப் பாட்டில் பாதி அங்கேயே நின்றுவிடும். பன்னிரண்டு ஸ்வரஸ்தானமும் கைக்கு வர வேண்டுமானால் குரோமாட்டிக் ஹார்மோனிகாதான் வழி.

அதன் வலது முனையில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் உள்ளே ஒரு தகடு நகர்ந்து, அந்தத் துளையின் ஸ்வரம் அரை ஸ்வரம் மேலே போகும். ஊத ஒரு ரீடு (காற்றில் அதிரும் மெல்லிய உலோக நாக்கு), இழுக்க ஒரு ரீடு, பொத்தானை அழுத்தி ஊத ஒன்று, அழுத்தி இழுக்க ஒன்று என்று துளைக்கு நான்கு. பன்னிரண்டு துளைக் கருவியில் 48 ரீடுகள், மூன்று ஆக்டேவ். ஹார்மோனியத்துக்குள் இருப்பதும் இதே வகை ரீடுதான். அங்கே துருத்தி செய்கிற வேலையை இங்கே நம் நுரையீரல் செய்கிறது. வெளியே விடும் மூச்சும் ஒலிக்கும், உள்ளே இழுக்கும் மூச்சும் ஒலிக்கும். கேட்பவர் காது வைக்க வேண்டிய இடம் பொத்தான் அல்ல, இந்த மூச்சுதான்.

சி ஸ்கேல் கருவியின் முதல் துளையை ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊதினால் ச, இழுத்தால் ரி. இரண்டாம் துளையை ஊதினால் க, இழுத்தால் ம. மூன்றாவதில் ப, த. நான்காவதில் வரிசை மாறும்: இழுத்தால் நி, ஊதினால் மேல் ச. பொத்தானைத் தொடாமலே சங்கராபரணம் வந்துவிட்டது. ஊது, இழு என்று மாறி மாறிப் போனவர்கள் த, நி இரண்டையும் அடுத்தடுத்து இழுக்க வேண்டிய இடத்தில் தடுமாறுவார்கள். மாயாமாளவகௌளை வேண்டுமா? ச-வின் இடத்தில் பொத்தானை அழுத்தி ஊதினால் சுத்த ரிஷபம்; ப-வின் இடத்தில் அழுத்தி ஊதினால் சுத்த தைவதம். மற்றதெல்லாம் அதே இடம். சரளி வரிசை பாடத் தெரிந்தவருக்குக் கருவி சீக்கிரம் பிடிபடும்.

இனிதான் ரசனையின் நுட்பம். மத்தியமம் இரண்டு வழியில் கிடைக்கும். இரண்டாம் துளையை இழுத்தாலும் ம. அதே துளையில் பொத்தானை அழுத்தி ஊதினாலும் ம. 'ச க ம ப' என்ற பிடியை எடுங்கள். ம-வை இழுத்து வாசித்தால் அதற்கு முன்னும் பின்னும் மூச்சு திரும்ப வேண்டும். ஸ்வரங்கள் தனித்தனியாக நிற்கும். பொத்தானால் எடுத்தால் நான்கும் ஒரே மூச்சில் ஒழுகி வரும். எது சரி என்று விதி கிடையாது. பாட்டின் வரி எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே தன் மூச்சையும் திருப்புகிறவர்தான் கலைஞர். இதைக் கவனிக்கப் பழகிவிட்டால், நல்ல வாசிப்பையும் வெறும் வேகத்தையும் பிரித்தறிய வேறு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பெல்ஜியத்தின் டூட்ஸ் தீலமான்ஸ் (1922–2016) வாசித்த 'மிட்நைட் கவ்பாய்' (1969) படத்தின் தீம் இசையிலிருந்து தொடங்குங்கள். மெதுவான மெட்டு என்பதால் ஒவ்வொரு ஸ்வரமும் எப்படிப் பிறந்து எப்படி அடங்குகிறது என்று நிதானமாகக் கேட்கலாம். அடுத்து ஸ்டீவி வொண்டரின் 'இஸ்ன்ட் ஷி லவ்லி' (1976). பொத்தானைச் சட்டென்று தட்டி, ஸ்வரத்துக்குள் நுழையும் முன்பே ஒரு சின்னச் சுழிப்பு வைப்பார். மகள் பிறந்த சந்தோஷம் அதில் துள்ளும். கச்சேரி மேடைக்கு இந்தக் கருவியைக் கொண்டுபோன லாரி ஆட்லருக்காக இசையமைப்பாளர் வாகன் வில்லியம்ஸ் 1951-ல் எழுதிய 'ரொமான்ஸ்' மூன்றாவது. அதை முதலில் கேட்டால் பிடிபடாது. பழகிய பிறகு கேளுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ரீடின் சுருதி நிலையானது. மூச்சை அழுத்திக் கொஞ்சம் வளைக்கலாம், அவ்வளவுதான். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கம்பிதக் கமகம் இதில் முழுசாக வராது. அதனால் தோடி ராகத்தை இதில் தேட வேண்டாம்.

வாங்கும்போது சி ஸ்கேல், பன்னிரண்டு துளை போதும். பதினாறு துளைக் கருவியின் கீழ் ஆக்டேவ் மூச்சை நிறையக் கேட்கும், தொடங்குபவருக்குத் தேவையில்லை. 1857-ல் ஜெர்மனியின் ட்ரோசிங்கனில் தொடங்கிய ஹோனர் நிறுவனத்தின் சூப்பர் குரோமோனிக்கா 270 பேர்போனது. ஆனால் பழைய வகையில் உட்சட்டம் மரம். அதை ஆணி அடித்து இறுக்கியிருப்பார்கள். மரம் எச்சில் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும். கழற்றிச் சுத்தம் செய்வதும் பாடு. ஹோனரோ, ஜப்பானின் சுஸுகியோ, எதுவானாலும் பிளாஸ்டிக் சட்டமும் திருகாணியும் உள்ளதையே வாங்கச் சொல்வேன். கடையில் ஒவ்வொரு துளையையும் மெல்ல ஊதி, இழுத்து, பொத்தானோடும் பொத்தான் இல்லாமலும் பாருங்கள். பலமாக ஊதினால் எந்தக் கருவியும் ஒலிக்கும். மெல்லிய மூச்சுக்குத் தயங்காமல் ஒலிக்கிறதா என்பதுதான் சோதனை. ஒரு ஸ்வரம் மட்டும் அதிக மூச்சு கேட்டால் அங்கே காற்று கசிகிறது. வாய் வைக்க விடாத கடையில் காற்றடித்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். வேறொருவர் வாசித்த பழைய கருவி வேண்டவே வேண்டாம்.

ரீடுகளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் வால்வுகள் இருக்கும். ஏசி அறையில் குளிர்ந்த கருவியை எடுத்ததும் வாசித்தால் மூச்சின் ஈரம் படிந்து வால்வு ஒட்டிக்கொள்ளும். ஸ்வரம் ஒரு கணம் தயங்கி 'டப்' என்று வரும். ரீடு போய்விட்டதென்று பயப்பட வேண்டாம். சற்று நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டு வாசியுங்கள். காப்பி குடித்தால் வாயைக் கொப்பளித்துவிட்டுத் தொடுங்கள்.

முதலில் உதட்டைக் குவித்து ஒரே துளையை மட்டும் பிடித்து, வயிற்றிலிருந்து வரும் மூச்சில் ஒரு ஸ்வரத்தை நீளமாக நிறுத்திப் பழகுங்கள். அது ஆடாமல் நின்ற பிறகு மோகனத்தில் மெதுவான பாட்டு ஒன்றை எடுங்கள். அதில் ம, நி இல்லை, பொத்தானே தேவைப்படாது. வேகப் பாட்டுக்கு அவசரப்படாதீர்கள்.