நுரைக்காகவே ஒரு கேக்: ஜப்பானியச் சீஸ்கேக்கைச் சுட்டு ரசிப்பது எப்படி?

நியூயார்க் சீஸ்கேக்கைச் சாப்பிட்டுப் பழகியவர்கள் ஜப்பானியச் சீஸ்கேக்கின் முதல் துண்டை வாயில் வைத்ததும், “சீஸே தெரியலையே!” என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். அந்த ஊர் சீஸ்கேக்கில் பல்லில் ஒட்டும் கனமான சீஸ்தான் எல்லாம். இங்கே சீஸ் வாசனைக்கும் மென்மைக்கும் மட்டுமே வருகிறது. கேக்கைத் தூக்கி நிறுத்துவது முட்டை வெள்ளைக்கருவின் நுரை. பேக்கிங் பவுடர், சோடா எதுவும் கிடையாது. ஆகவே இதைச் சாப்பிடும்போது சீஸைத் தேடாதீர்கள், நுரையைத் தேடுங்கள். அந்த நுரை எப்படி உருவாகிறது, எங்கே உடைகிறது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, வீட்டில் ஒருமுறை சுட்டுப் பார்ப்பது.

ஜப்பானில் சுட்ட சீஸ்கேக்கைப் பரவலாக்கியதில் கோபே நகரத்து மொரோசாஃப் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பெர்லினில் ருசி பார்த்த கேக்கின் தூண்டுதலில் 1969-ல் அது தன் சீஸ்கேக்கைக் கடைக்குக் கொண்டுவந்தது. நுரை மிகுந்த ரகத்தின் முகவரி என்றால் ஒசாகாவின் ரிகுரோ ஓஜிசான் கடை. கேக் ஓவனிலிருந்து வெளியே வந்ததும் மணி அடிப்பார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பு முத்திரையால் மேலே ஒரு மாமாவின் முகத்தைப் பதிப்பார்கள். தட்டை லேசாக ஆட்டினால் கேக் முழுவதும் தளதளவென்று ஆடும். அடியில் உலர் திராட்சை. அந்த ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் நிற்கிறது. அதில் தப்பே இல்லை. சுட்ட நுரை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்த ஆட்டம்தான் சாட்சி.

வீட்டுக்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். சிறிய ஓ.டி.ஜி. ஓவன், 18 செ.மீ. வட்டத் தட்டு, அது உட்காரும் அளவுக்கு அகலமான இன்னொரு தட்டு, கைவிஸ்க், சல்லடை, பட்டர் பேப்பர். க்ரீம் சீஸ் 200 கிராம், வெண்ணெய் 40, பால் 100 மி.லி., முட்டை 4, சர்க்கரை 90 கிராம், மைதா 40, கார்ன்ஃப்ளார் 15, ஒரு எலுமிச்சையின் சாறும் துருவிய தோலும். முட்டை வாடை பிடிக்காதவர்கள் எலுமிச்சைத் தோலை விட்டுவிடக் கூடாது. தட்டின் உட்புறம் முழுக்க பட்டர் பேப்பர் ஒட்டி, பக்கத்துத் தாளை விளிம்புக்கு மேலே இரண்டு விரல் நீட்டி விடுங்கள்.

முதல் பாதி சுலபம். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வேறொரு பாத்திரத்தை வைத்து, சீஸ், வெண்ணெய், பால் மூன்றையும் கட்டியில்லாமல் கரையுங்கள். இறக்கிச் சூடு சற்றுத் தணிந்ததும் மஞ்சள்கரு, சலித்த மாவுகள், எலுமிச்சைத் தோல், ஒரு ஸ்பூன் சாறு சேர்த்துக் கலக்கி வடிகட்டிவிடுங்கள்.

ரசிக்க வேண்டிய இடம் அடுத்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெள்ளைக்கருவைத் துடைத்த பாத்திரத்தில் ஊற்றுங்கள். துளி மஞ்சள்கருவோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தாலும் நுரை சரியாக எழாது. எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டு அடிக்கத் தொடங்குங்கள். முதலில் சோப்பு நுரைபோலப் பெரிய குமிழிகள் வரும். அவை சிறுத்து வெளுத்ததும் சர்க்கரையை மூன்று தவணையாகப் போடுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் நுரையின் முகம் மாறுவதைக் கவனியுங்கள்: மங்கலாக இருந்தது பளபளக்கும், விஸ்க் ஓட்டிய கோடுகள் அழியாமல் நிற்கும், மணிக்கட்டுக்குக் கனம் தெரியும். விஸ்க்கைத் தூக்கினால் நுனி கிளிமூக்கு போல வளைந்து நிற்க வேண்டும். அங்கே நிறுத்திவிடுங்கள். நேராகக் குத்திட்டு நிற்கும்வரை அடித்தால் நுரை விறைத்து, சீஸ் கலவையோடு சேராமல் திட்டுத்திட்டாக நிற்கும், ஓவனில் மளமளவென்று எழும்பி வெடித்து, பிறகு உட்கார்ந்துவிடும். மெஷினில் அடித்தால் இந்தக் கட்டம் நொடிகளில் கடந்துவிடும். அதனாலேயே கையால் அடிப்பதை நான் சிபாரிசு செய்கிறேன். கால் மணி நேரம் போல ஆகும், கை கடுக்கும். ஆனால் நுரை எப்போது பக்குவமானது என்பது கைக்கே தெரிந்துவிடும்.

நுரையில் மூன்றில் ஒரு பங்கை முதலில் சீஸ் கலவையில் சேர்த்து இளக்குங்கள். மீதியைப் போட்டபின் கிளறக் கூடாது. அடியிலிருந்து வாரி மேலே மடித்து, பாத்திரத்தைத் திருப்பிக்கொண்டே சேர்க்க வேண்டும். வெள்ளைக் கோடுகள் மறைந்ததும் தட்டில் ஊற்றுங்கள். பெரிய தட்டில் வெந்நீர் ஊற்றி அதற்குள் இதை வைத்து, 150 டிகிரியில் ஒரு மணி நேரத்திலிருந்து 70 நிமிடம்வரை சுடுங்கள். அடி கழன்று வரும் தட்டானால் நீர் புகாமல் வெளியே அலுமினியத் தாள் சுற்றிவிடுங்கள். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. அதனால் ஓரங்கள் சீக்கிரம் இறுகாமல் நுரை நிதானமாக விரிகிறது. எழும் ஆவி மேற்பரப்பைக் காயவிடாமல் காக்கிறது. வெந்ததும் ஓவனை அணைத்து, கதவைச் சற்றுத் திறந்துவைத்து அரை மணி நேரம் உள்ளேயே விடுங்கள். உள்ளிருக்கும் சூடான காற்று சுருங்கும்போது கேக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் உடனே வெளியே எடுத்துக் குளிர்காற்று பட்டால் இடுப்பு ஒடுங்கிவிடும். மேலே ஒரு கீறல் விழுந்தால் நான் பொருட்படுத்துவதில்லை. கேக்கின் தரம் மேல்தோலில் இல்லை, வெட்டுமுகத்தில் இருக்கிறது.

கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து ஒரு துண்டு போடுங்கள். வெளிச்சத்தில் பக்கவாட்டைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே வெளிர் மஞ்சளில், ஊசிமுனை அளவுத் துளைகள் சீராக இருந்தால் நுரையும் மடிப்பும் சரி. பெரிய பொந்துகள் இருந்தால் நுரை அளவுக்கு மீறி விறைத்திருக்கிறது, அல்லது சரியாகச் சேரவில்லை. அடியில் ஈரமான, கருமஞ்சள் பட்டை தெரிந்தால் சீஸ் கலவை பிரிந்து இறங்கியிருக்கிறது, அல்லது அடிச்சூடு போதவில்லை. அடுத்து முள்கரண்டியால் மெல்ல அழுத்தி, காதைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோங்கள். நுரை அடங்கும் சன்னமான ‘புஸ்’ ஒலி கேட்கும். நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே வைத்து அழுத்தினாலும் அதே ஒலி. மெல்லாமல் கரையவிட்டால்தான் அது பிடிபடும்.

சூடாகச் சாப்பிடுவதா, குளிரவைத்தா என்பது பெரிய வழக்கு. என்னைக் கேட்டால் இரண்டும் வெவ்வேறு பண்டங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது முட்டையும் எலுமிச்சையும் முன்னால் நிற்கும், வாயில் கனமே இருக்காது. ஒரு இரவு ஃப்ரிட்ஜில் இருந்தால் வெண்ணெயும் சீஸும் இறுகி, துண்டு அடர்த்தியாகும். முதல் நாள் ஒளிந்திருந்த சீஸின் புளிப்பும் உப்பும் அப்போது எழுந்து வரும். மேல்தோல் பிசுபிசுத்து விரலில் லேசாக ஒட்டும். இரண்டுக்குமே சாக்லேட் சாஸ், பழக்கூழ் எதுவும் வேண்டாம். அவை நுரையை அமுக்கிவிடும். சர்க்கரை இல்லாத பச்சைத் தேநீரோ கட்டன் சாயாவோ பக்கத்தில் இருந்தால் போதும்.

முதல் கேக்கைப் பாதியாகப் பிரித்து இரண்டு விதமாகவும் சாப்பிட்டுப் பாருங்கள். சூடானது பிடித்திருந்தால் அடுத்த முறை மைதாவை 10 கிராம் குறையுங்கள். இன்னும் இளகும், கொஞ்சம் கூடுதலாக இறங்கும். குளிர்ந்தது பிடித்திருந்தால் சீஸை 250 கிராமாகக் கூட்டி, பாலை 80 மி.லி. ஆக்குங்கள்.