பந்தலைத் திறப்பவரும் பானையை நிரப்புபவரும்

சித்திரை பிறந்துவிட்டால் ஜி.எஸ்.டி. சாலையின் கூட்ரோடுகளில் தண்ணீர்ப் பந்தல்கள் முளைக்கத் தொடங்கும். படாளம் கூட்ரோடு மட்டும் விதிவிலக்கா என்ன? நான்கு சவுக்குக் கழி, மேலே தென்னங்கீற்று அல்லது பச்சை வலை, நனைத்த மணல்மேல் இரண்டு மூன்று மண்பானை, பின்னால் பந்தலைவிடப் பெரிய பதாகை. திறப்பு நாளன்று தர்பூசணிக் கீற்று, வெள்ளரிப்பிஞ்சு, மோர், ரோஸ்மில்க் எல்லாம் கைமாறும். மதுராந்தகம் பேருந்துக்கு நிற்பவர், வேடந்தாங்கல் பக்கம் திரும்புபவர், கரும்புக் கொல்லையிலிருந்து வருபவர் எல்லோருக்கும் அன்று நெஞ்சு குளிர்ந்துவிடும். மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்கி மாதக் கடைசி வரை அடிக்கும்போது அதே பந்தல்களில் பலவற்றைப் பார்த்தால் பதாகை இருக்கும், பானையில் தண்ணீர் இருக்காது. பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் இதே வழக்கம் உண்டு. தண்ணீர்ப் பந்தல் என்றும் தாகசாந்தி நிலையம் என்றும் சொல்வார்கள். ஆனால் அங்கே அது வேறு விதமாக நடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம் பந்தலில் குறைவது தண்ணீரும் அல்ல, தர்ம சிந்தையும் அல்ல, நாள்தோறும் பானைக்குப் பொறுப்பான ஓர் ஆள்தான் என்று தெரிகிறது.

முதலில் வெயிலைப் பார்ப்போம். மாமல்லபுரத்துக் கரையில் கடற்காற்று முற்பகலிலேயே எழுந்தால் உடம்பு தாங்கிவிடும். உள்ளே தள்ளியிருக்கும் படாளத்துக்கு அது வந்துசேர நேரமாகும். மேற்குக் காற்று வலுத்த நாளில் வந்துசேராமலும் போகும். 2003 மே மாதத்தில் சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 பாகை செல்சியஸ் பதிவானது, கடலுக்கு அருகில் இருப்பதே காப்பு ஆகிவிடாது என்பதற்குச் சான்று. யாழ்ப்பாணத்தில் வெப்பமானி அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஆனால் ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை ஆறாது, வியர்வை ஆறாவிட்டால் உடம்பு குளிராது. இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பநிலையை மட்டும் சொல்லாமல், ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணித்த வெப்பச் சுட்டெண்ணை வைத்து எச்சரிக்கை விடுவது இதனால்தான்.

கடும் வெயிலில் உழைப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வை போகலாம். ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் வெளியேறும், ஆளுக்கு ஆள் கூடும் குறையும். சமையல் உப்புக் கணக்கில் அது இரண்டரை கிராம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஓ.ஆர்.எஸ். கரைசலிலும் லிட்டருக்கு 2.6 கிராம் உப்புதான், கூடவே 13.5 கிராம் குளுக்கோஸ். குடலில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகின்றன, தண்ணீர் அவற்றின் பின்னால் போகிறது. இந்தக் கண்ணோடு பந்தலின் பலகையைப் பார்த்தால் ரோஸ்மில்க்கும் தர்பூசணியும் நாக்குக்குத்தான் என்று புரியும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. உப்பும் பெருங்காயமும் போட்டுப் பெருக்கிய நீர்மோர்தான் உழைப்பவருக்கு உதவும். யாழ்ப்பாணத்துப் பந்தலில் மோரோடும் சர்க்கரைத் தண்ணீரோடும் ஊறுகாய்த் தண்ணீர் என்று ஒன்று கொடுப்பார்கள். உப்பில் ஊறி வெயிலில் காய்ந்த தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, பிசைந்து தண்ணீரில் கரைத்து, கிடாரம் என்ற பெரிய பாத்திரத்திலிருந்து மொண்டு ஊற்றுவது. சோதனைச்சாலைக்கு வெளியே சாமானியர் கண்டுபிடித்த உப்புக் கரைசல் அது. நம் பக்கத்துப் பந்தல்கள் கடன் வாங்க வேண்டிய முதல் பொருளும் அதுவே. மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டு நிழலில் இருப்பவருக்கு இந்த உப்பு தேவையில்லை, இரத்த அழுத்தக்காரருக்கு ஆகாது என்பதையும் பந்தல்காரர் எழுதிப் போட்டுவிடலாம்.

நடத்தும் முறைக்கு வருவோம். நல்லூர்க் கந்தன் திருவிழா ஆடி ஆவணியில் 25 நாள் நடக்கும், சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று புழுதி வாரும் காலம். தேர், தீர்த்தம் போன்ற பெருநாட்களில் கோயிலுக்கு வரும் வீதிகளில் தாகசாந்தி நிலையங்கள் நிற்கும். ஊர் இளைஞர்கள், சனசமூக நிலையத்தார், கடைக்காரர்கள் சேர்ந்து நடத்துவது வழக்கம். கூட்டம் கலைந்தால் கிடாரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். தென்னிலங்கையில் வெசாக் பௌர்ணமிக்குப் போடும் தன்சல்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்: மே மாத வெயிலில் வழிப்போக்கருக்கு இலவசமாகக் குளிர்பானம், ஐஸ்கிரீம், சில இடங்களில் சோறே. அங்கே தன்சல் போடுபவர் தம் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே பதிய வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்ணீரையும் பாத்திரத்தையும் பார்ப்பார். தர்மம் செய்ய அனுமதிச்சீட்டா என்று நம்மூர்க்காரருக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு, நம் பந்தல் பானையின் தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து, எந்த லாரியிலிருந்து வந்தது என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் சொல்லக் கடமைப்பட்டவர் பந்தலில் இருந்தால் அதிர்ஷ்டம்.

திருவிழாவின் மூன்று நாள் பந்தலையும் கோடையின் நாற்பது நாள் பந்தலையும் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். யாழ்ப்பாணத்தார் நம்மைவிட நல்லவர்கள் என்பதல்ல என் வாதம். நடத்தக்கூடிய நாளுக்கு மட்டும் அவர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். நாமோ கோடை முழுவதற்கும் வாக்குக் கொடுத்துவிட்டு ஒரு காலைப்பொழுதை நடத்துகிறோம். ஆனால் அவர்கள் முறையிலும் பெரிய ஓட்டை உண்டு. வெயில் பஞ்சாங்கம் பார்த்து அடிப்பதில்லை. திருவிழா இல்லாத நாளில் வன்னி வயலில் குனிந்து நிற்பவனுக்கு நல்லூர் வீதியின் மோர் எட்டாது. அநுராதபுரம், மெதவாச்சி, பதவியா பக்கத்து நெல் விவசாயிகளிடையே 1990களிலிருந்து பரவிய காரணம் புலப்படாத சிறுநீரக நோய்க்கு நிலத்தடி நீர், பூச்சிமருந்து என்று பல சந்தேகங்கள் உண்டு. வெயிலில் மீண்டும் மீண்டும் உடல்நீர் வற்றுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களை ஆராய்ந்த வித்யா வேணுகோபால் குழுவினரும், பெரும்பாலோர் பாதுகாப்பான வெப்ப வரம்பைத் தாண்டி உழைப்பதையும் சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதையும் பதிவுசெய்தார்கள். சிறுநீரகம் திறப்பு விழாவுக்குக் காத்திருப்பதில்லை, அதற்கு எல்லா நாளும் தண்ணீர் வேண்டும்.

எல்லா நாளும் கொடுக்க வழி தெரியாத சமூகமா நாம்? சோழர் காலத்தில் தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் எழுதிவைத்தவர்கள் பந்தலோடு நிறுத்தவில்லை. தண்ணீர் கொண்டுவருபவர், ஊற்றுபவர், கலம் வனைந்து தரும் குயவர் என்று ஆளாளுக்குக் கூலியும் வகுத்துக் கல்லில் வெட்டினார்கள். பானை உடையும், உடைந்தால் புதுப்பானை வேண்டும் என்பதுவரை யோசித்திருக்கிறார்கள். குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பாடிய அப்பூதியடிகள் திங்களூரில் பந்தல் வைத்து அதற்குத் திருநாவுக்கரசரின் பெயரைச் சூட்டினார். அந்த வழியே வந்த நாவுக்கரசர் (அப்பர்), உம் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று கேட்டபோது அடிகளுக்குக் கோபமே வந்துவிட்டது. ஆகவே பந்தலில் தலைவர் பெயர் எழுதுவது புது வழக்கம் என்று சொல்ல மாட்டேன். பெயரை வைத்தவர் பந்தலையும் நடத்தினார் என்பதுதான் வேறுபாடு.

விளம்பரம் இல்லாவிட்டால் கட்சிக்காரர் பந்தலே போட மாட்டார், இருப்பதும் போய்விடும் என்பார்கள். போடட்டும், படமும் வைத்துக்கொள்ளட்டும். பதாகையில் முகத்துக்குப் பக்கத்தில் பானை நிரப்புபவரின் கைப்பேசி எண்ணும் முடிவு நாளும் இருந்தால் போதும். சுமார் இருபது ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாட்டில் கிடைக்கும் காலத்தில் பந்தல் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் வேண்டிய கூலியாளுக்கு அது ஏறத்தாழ நூறு ரூபாய். அவர் பாட்டில் வாங்க மாட்டார், தாகத்தை அடக்குவார். 2013இல் லிட்டர் பத்து ரூபாய்க்கு வந்த அம்மா குடிநீரும் பேருந்து நிலையங்களிலிருந்து மறைந்துவிட்டது. பதிவு, பரிசோதனை என்றால் தர்மம் செத்துவிடும் என்ற அச்சத்துக்கு வெசாக் இரவில் கொழும்புத் தெருவில் நிற்கும் வரிசைகளே பதில். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு, குடிநீர்ப் பந்தலுக்கும் ஓ.ஆர்.எஸ்ஸுக்கும் பேரிடர் நிதியில் செலவு செய்ய வழி உண்டு. நிதி இருக்கிறது, பந்தலும் இருக்கிறது. நடுவில் ஒரு பெண்ணையோ ஆணையோ இரண்டு மாதக் கூலிக்கு அமர்த்துவதுதான் ஊராட்சிகள் செய்யாத வேலை.

கடைசியாகக் குவளை. யாழ்ப்பாணத்து மூக்குப்பேணி, உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதற்கென்றே மூக்கு வைத்த செம்பு. சுகாதாரத்துக்கு அருமையான சாதனம். ஆனால் அதே ஊரில் ஒரு காலத்தில் சிலருக்குப் பேணி கிடையாது. பனையோலைப் பிளாவிலோ ஏந்திய கையிலோதான் ஊற்றினார்கள். தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைய 1960களில் அங்கே போராட வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் இரட்டைக் குவளையை யாரும் மறக்கவில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தண்ணீர்ப் பாக்கெட்டும் பிளாஸ்டிக் கப்பும் தடைசெய்யப்பட்டதால் பந்தலுக்கு மறுபடியும் எவர்சில்வர் டம்ளர் வந்திருக்கிறது. எத்தனை டம்ளர், எங்கே கழுவுவது, யார் கழுவுவது என்பதும் பந்தல் கணக்கில் சேர வேண்டும். கூலிக்கு அமர்த்தும் ஆள் எந்தத் தெருக்காரர் என்று பார்க்காமல் அமர்த்தினால் அவர் ஊற்றுவதை எல்லாரும் குடிக்கிறார்களா என்பதும் அந்த இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும்.