ஆளற்ற தோட்டம்: தாஜ்மஹால் நிழற்படங்கள் குறித்துச் சில சிந்தனைகள்

தாஜ்மஹாலின் நிழற்படத்தைக் காணாதவர் நம்மில் அரியர். பாடநூல், நாட்காட்டி, கடைச்சுவர் என எங்கும் அது உண்டு. அப்படங்களுள் மிகப்பலவற்றில் ஒரு பொதுத்தன்மை காணப்படுகிறது. நீண்ட நீர்த்தடம் இருக்கும். வெண்பளிங்கு மாடம் இருக்கும். மனிதர் மட்டும் இரார். கூட்டம் சேருமுன் விடியலில் எடுத்தோ, எடுத்தபின் கணினியில் அழித்தோ இத்தனிமை உண்டாக்கப்படுகிறது. வழிப்போக்கர் குறுக்கிட்டால் படம் கெட்டது என்பதே பலருடைய எண்ணம். இவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது, இதை நாம் ஏற்கத்தான் வேண்டுமா என்பதை ஆராய்வது பயனுடையது.

இதன் தொடக்கம் இரசனையில் அன்று, கருவியின் குறையில்தான் உள்ளது. 1838இல் பாரிஸ் நகரத் தெருவொன்றை டகேர் படமெடுத்தபோது, நடந்தோரும் வண்டிகளும் தகட்டில் பதியவில்லை. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள அசையாது நின்ற ஒருவரின் உருவமே பதிந்தது. ஆக்ராவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராயிருந்த ஜான் மர்ரே 1850களில் காகித எதிர்மறைகளைக் கொண்டு தாஜைப் படமெடுத்தார். அம்முறைக்கும் நீண்ட ஒளியேற்றம் தேவைப்பட்டது. நடந்து செல்வோர் அதில் நிலைபெற இயலாது. பின்னர்க் கருவிகள் விரைவு பெற்றன. எனினும் குறையாகப் பிறந்த வெறுமை இலக்கணமாக நிலைத்துவிட்டது.

மர்ரேயின் படங்கள் வேறொன்றையும் உணர்த்துகின்றன. அக்காலத் தோட்டம் மரங்கள் அடர்ந்தது. இன்று நாம் காணும் திறந்த புல்வெளி, 1899 முதல் 1905 வரை வைஸ்ராயாயிருந்த கர்சன் பிரபு காலத்துச் சீரமைப்பையொட்டி அமைந்தது. தொலைவிலிருந்து தடையின்றிக் காணவேண்டும் என்னும் பார்வைக்கு மரங்கள் இடையூறாயின. அதே பார்வைக்கு இன்று மனிதர் இடையூறாகின்றனர்.

கட்டியோர் கருதியது இதுவன்று. 1631இல் மும்தாஜ் மஹல் மறைந்தார். மறு ஆண்டு பணி தொடங்கிற்று. அடக்கத்தலத்தின் பராமரிப்புக்கென 30 கிராமங்களின் வருவாயை ஷாஜஹான் வக்ஃபு செய்தார். தெற்கே அங்காடிகளும் சத்திரங்களும் எழுப்பப்பட்டு, அவற்றின் வருவாயும் இதற்கே சேர்க்கப்பட்டது. வருவோர் தங்குவதும் வாங்குவதுமே கட்டடத்தைக் காக்கும் ஏற்பாடாயிருந்தது. பெருவாயிலின் வெளிமுகப்பில் அல்ஃபஜ்ர் அத்தியாயம் பொறிக்கப்பட்டுள்ளது. அமைதியுற்ற ஆன்மாவைச் சுவனத்துள் வரவேற்பதோடு அவ்வத்தியாயம் நிறைவுறுவதை நாம் அறிவோம். அவ்வாயிலைக் கடந்தால் தோட்டம். நுழையுமாறு அழைக்கும் சொற்களின்கீழ் நுழைவோர் எவருமில்லாத படம், கட்டடத்தின் பொருளையே பாதியாக்கி விடுகிறது.

மறுதரப்பின் வாதத்தையும் நேர்மையுடன் எடுத்துரைக்க வேண்டும். சமச்சீரே இக்கட்டடத்தின் உயிர்நாடி. கூட்டம் அதைச் சிதைக்கிறது என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஆளற்ற படத்தில் அளவு தொலைந்துபோகிறது. ஏறத்தாழ 73 மீட்டர் உயர்ந்த கட்டடம் மேசைமீது வைக்கும் பொம்மையாகத் தோன்றும். மேடையருகே ஒரு மூதாட்டி நின்றால்தான் அதன் பேருருவம் நம் உள்ளத்தில் தைக்கிறது. எழுத்தணிக் கலைஞர் அமானத் கான், கீழே நின்று நிமிர்ந்து நோக்குவோர்க்கு ஒரே அளவாகத் தெரியும்படி, மேலே செல்லச் செல்ல எழுத்துகளைப் பெரிதாக்கினார். நிற்கும் மனிதனின் கண்ணே அவருடைய அளவுகோல். அம்மனிதனை விலக்கிவிட்டு அக்கலையை எங்ஙனம் விளங்கிக்கொள்வது? ரகு ராய் ஆற்றங்கரையிலும் ஊர்ப்புறத்திலும் நின்று, மக்களின் அன்றாட வாழ்வினூடே தாஜைக் காட்டிய படங்களில் இவ்வுறவு மீண்டும் உயிர் பெறுகிறது.

ஆயினும் மனிதர் இடம்பெற்றுவிட்டாலே படம் நேர்மையானதாகிவிடும் என்று நாம் கூறவில்லை. 1992இல் இளவரசி டயானா தாஜின் முன்னிருக்கையில் தனித்து அமர்ந்த படம் உலகறிந்தது. அதில் மனிதர் உண்டு. ஆனால் பின்னிருக்கும் அடக்கத்தலம் அவருடைய தனிமைக்குத் திரைச்சீலையாகிவிட்டது. இதனினும் கொடிய சான்று லக்னோவில் உள்ளது. வாஜித் அலி ஷாவின் தோட்ட மாளிகையான சிக்கந்தர் பாக்கில் 1857 நவம்பரில் ஏறத்தாழ 2,000 இந்தியப் போராளிகள் கொல்லப்பட்டனர். 1858இல் அங்கு வந்த ஃபெலீஸ் பியாத்தோ, எலும்புகள் சிதறிய முற்றத்தைப் படமெடுத்தார். மூடப்பட்டிருந்தவற்றைத் திறக்கச் செய்தே அவர் எடுத்தார் என அக்கால ஆங்கில அதிகாரி ஒருவர் எழுதிவைத்துள்ளார். முற்றத்தில் சில இந்தியர் நிற்கின்றனர்; ஒரு குதிரையும் நிற்கிறது. இறந்தோரும் உயிருடனிருப்போரும் அங்கே காட்சிப்பொருள்களே. ஆகவே, மனிதர் உளரா என்பது முதல் வினாவே. அவர்கள் மனிதராக உளரா என்பது இரண்டாம் வினா.

எகிப்தின் முஃப்தியாயிருந்த ஷெய்க் முஹம்மது பகீத் அல்முதீஈ, நிழற்படத்தை 'ஹப்சுள் ளில்' என, அதாவது நிழலைப் பிடித்து நிறுத்துதல் என விளக்கி, அதனை ஆகுமானதாகக் கருதினார். இதை ஏற்காத உலமாக்களும் உளர். அவ்விவாதம் ஈண்டு நம் நோக்கமன்று. அவர் விளக்கத்தை ஏற்போர்க்கு ஒரு பொறுப்பு வந்து சேர்கிறது என்பதே நாம் சுட்ட விழைவது. எவருடைய நிழலை நிறுத்துகிறோம், எவருடைய நிழலை விரட்டுகிறோம் என்று அவர்கள் தம்மையே வினவிக்கொள்ள வேண்டும். அடக்கத்தலத்தில் கையேந்தி நிற்பவரின் முகத்தருகே கருவியை நீட்டுவது பண்பன்று. அவர் தொலைவில் சிற்றுருவாகத் தம் வழியே செல்வதைப் படத்தில் இருக்க விடுவது பண்பு. இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டை அறிந்தவரே இக்கலைக்குத் தகுதியுடையவர்.

இறுதியாக ஒன்று. தாஜ் வளாகத்தின் மேற்கே பள்ளிவாசல் உள்ளது. வெள்ளிக்கிழமைகளில் சுற்றுலாப் பயணிகளுக்குத் தாஜ் மூடப்படும். ஆக்ராவாசிகள் ஜும்ஆவுக்காக உள்ளே செல்வர். வெளியூரார்க்கு அவ்வனுமதி இல்லை என்னும் ஆணையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆகவே, தொழுகைக்கு விரையும் அம்மக்களைப் பயணியரின் கருவிகள் காண்பதில்லை. உலகில் மிகுதியாகப் படமெடுக்கப்பட்ட கட்டடங்களுள் ஒன்றில், வாரந்தோறும் நிகழும் உயிர்ப்பு படங்களுக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஆளற்ற படத்தைக் கண்டு வளரும் நம் பிள்ளைகள், முன்னோர் விட்டுச்சென்றது உயிரற்ற கல் மட்டுமே என்று எண்ணிவிடக்கூடும். அடுத்த முறை ஒரு பழம்பள்ளியின் முன் கருவியை உயர்த்தும்போது குறுக்கே ஒருவர் நடந்தால், அவர் விலகட்டும் எனக் காத்திராதிருப்போம். அக்கட்டடம் அவருக்காகவும் கட்டப்பட்டதே.