ஒற்றை ஆளின் நீதிமன்றம்

பென் லிண்ட்சியைப் பற்றி யார் எழுதினாலும் இந்தக் கதை வந்துவிடும். டென்வர் நகரில் ஒரு பையனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்ப நேர்ந்தால், போலீஸ் காவலோடு அனுப்பமாட்டார் அந்த நீதிபதி. தண்டனை உத்தரவையும் வண்டிக் காசையும் பையன் கையிலேயே கொடுத்து, கோல்டன் ஊரில் இருந்த பள்ளிக்குத் தனியாகப் போய்ச் சேரச் சொல்வார். பையன்களும் போய்ச் சேர்ந்தார்கள். பத்திரிகையாளர் லிங்கன் ஸ்டெஃபன்ஸ் இதையெல்லாம் எழுதப்போய், அமெரிக்கா முழுக்க லிண்ட்சியின் பெயர் பரவியது. கதையை நான் நம்புகிறேன். அதை வைத்து அவரை மதிப்பிடுவதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

அவர் கவுன்டி நீதிபதியானது 1901இல். ரயில் பாதையில் நிலக்கரி திருடியதாக ஒரு பையனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். குற்றம் நிரூபணமாகிவிட்டது, தண்டனை சொன்னதும் பையனின் தாய் நீதிமன்றமே அதிரும்படி அலறுகிறாள். லிண்ட்சி தீர்ப்பை நிறுத்திவைத்துவிட்டு அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார். உருக்காலையில் வேலை பார்த்த தகப்பன் உடம்பில் ஈயம் ஏறிப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். வீட்டில் குளிர்காய வழியில்லை. அதற்குத்தான் நிலக்கரி. 1910இல் வந்த ‘தி பீஸ்ட்’ நூலில் லிண்ட்சியே இதைச் சொல்கிறார். அவரைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி இப்படி அவர் வாயால் வந்ததுதான் என்பதை ஒரு ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிகாகோவில் 1899இலேயே சிறுவர்களுக்கென்று சட்டப்படி நீதிமன்றம் வந்துவிட்டது. கொலராடோவில் அப்போது அப்படி எதுவும் இல்லை. அதே 1899இன் பள்ளிச் சட்டம் ஒன்றில், அடங்காத மாணவர்களைப் பற்றிய பிரிவு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, திருட்டுக் குற்றம் சுமத்தப்பட்ட பையன்களைக் குற்றவாளிகளாக அல்லாமல் மாணவர்களாக நடத்தினார் லிண்ட்சி. கெட்டிக்காரத்தனம்தான். நன்னடத்தைக் காவலில் இருந்த பையன்கள் சனிக்கிழமைகளில் ஆசிரியரின் அறிக்கையோடு வரிசையில் வருவார்கள். நல்ல அறிக்கை என்றால் எல்லார் முன்னாலும் பாராட்டு. தப்புச் செய்த பையன் தானே வந்து ஒப்புக்கொள்வான். கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்கச் சொல்லமாட்டார். அவர்களையும் கூட்டிவந்து தாமாகவே ஒப்புக்கொள்ள வைக்கச் சொல்வார்.

என் சந்தேகம் இந்த இடத்தில்தான். அந்த நீதிமன்றம் நடந்ததே ஒப்புதல் வாக்குமூலத்தால்தான். வக்கீல், சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் பையனுக்கும் தனக்கும் இடையே நிற்கும் தடைகள் என்றே அவர் நினைத்தார். அந்தத் தடைகள் இல்லாதபோது பையனுக்கு மிஞ்சும் ஒரே பாதுகாப்பு எதிரில் இருப்பவரின் நல்ல மனசு. லிண்ட்சியிடம் அது ஏராளமாக இருந்தது. அடுத்தவரிடம் இருக்குமா?

1964இல் அரிசோனாவில் ஜெரால்டு கால்ட் என்ற 15 வயதுப் பையன், ஆபாசமாகத் தொலைபேசினான் என்று பிடிபட்டான். அதே குற்றத்தைப் பெரியவர் ஒருவர் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம், இல்லையென்றால் அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை. இவனையோ 21 வயது வரை அடைத்துவைக்கலாம் என்று உத்தரவாயிற்று. வக்கீல் இல்லை, புகார் கொடுத்த பெண் நீதிமன்றத்துக்கே வரவில்லை, நடந்தவற்றுக்குப் பதிவும் இல்லை. 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. லிண்ட்சியாக இருந்தால் இப்படிச் செய்திருக்கமாட்டார் என்று அவருடைய அபிமானிகள் சொல்லலாம். நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்த அறையில் இருந்தது அவர் கட்டிக்காத்த அதே நடைமுறை. அவர் மட்டும்தான் இல்லை.

இதற்கு நேர் எதிர்த்தட்டில் வைக்க வேண்டியது 1915ஆம் ஆண்டு விவகாரம். கணவனைக் கொன்றதாக ஒரு தாய் மேல் வழக்கு. அவளுடைய சிறு வயது மகன் லிண்ட்சியிடம் தனிமையில் சொன்னதை நீதிமன்றத்தில் வெளியிட அவர் மறுத்துவிட்டார். அவமதிப்புக்காக 500 டாலர் அபராதம். மேல்முறையீட்டிலும் தோற்றார். சட்டம் அவர் பக்கம் இல்லை. ஆனாலும் குழந்தை நம்பிச் சொன்னதைக் காப்பாற்றும் கடமை நீதிபதிக்கு உண்டென்று அவர் நின்றது சரி என்பேன். தன்னிடம் பேசும் குழந்தையின் ரகசியத்துக்காக இவ்வளவு போராடியவருக்கு, தன்னிடம் பேசாமலிருக்கவும் குழந்தைக்கு உரிமை வேண்டும் என்று தோன்றவே இல்லை!

1903ஆம் ஆண்டுச் சட்டத்தை அவருடைய பெரிய சாதனை என்று நான் வைப்பேன். குழந்தை கெட்டுப்போகக் காரணமாகும் பெரியவரையும் குற்றவாளியாக்கியது அது. பிற மாநிலங்களும் பின்பற்றின. சிறுவனுக்கு மது விற்ற கடைக்காரனும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. குறை இல்லாமலில்லை. உருக்காலைத் தொழிலாளியின் வீட்டில் ஏன் நிலக்கரி இல்லை என்று அந்தச் சட்டம் முதலாளியைக் கேட்காது. ‘தி பீஸ்ட்’ நூலில் கம்பெனிகளையும் கட்சிப் பெருந்தலைகளையும் அவர் அப்படி விளாசியதற்கு இந்த இயலாமையும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

1924 தேர்தலில் வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளான் அவரை எதிர்த்தது. தேர்தல் முடிவை எதிர்த்த வழக்கு இழுத்து, 1927இல் பதவி போயிற்று. போகும்போது சிறுவர் வழக்குப் பதிவேடுகளை வெட்டவெளியில் குவித்துக் கொளுத்திவிட்டார். அந்த ஊர்க்காரர்களின் ரகசியங்கள் எதிரிகள் கையில் சிக்கக்கூடாது என்பது அவர் நியாயம். பையன்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்தான். ஆனால் தன் முறை எவ்வளவு பலித்தது என்று பிறர் சரிபார்க்க இருந்த சான்றும் அதோடு சாம்பலாயிற்று.

ஆகவே, சட்டம் செய்யவைத்தவர் என்ற அளவில் அவர் முதல் வரிசை. பிறர் பார்த்துப் பின்பற்ற வேண்டிய நீதிபதி என்ற அளவில் அல்ல. கலிஃபோர்னியாவில் நடந்ததும் இதற்கு ஒத்துவருகிறது. 1934இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மறுபடி நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மணமுறிவுக்கு வரும் தம்பதிகளையும் அவர்கள் குழந்தைகளையும் மனத்தில் வைத்து, சமரச நீதிமன்றத்துக்கான சட்டம் ஒன்று அவர் முயற்சியால் 1939இல் நிறைவேறியது. 1943இல் அவர் இறந்த பிறகும் அந்த நீதிமன்றம் வேறு நீதிபதிகளை வைத்து நடந்தது.