கூட்டுச் சிருஷ்டியும் முன்னிற்கும் பெயரும்

நவீன கலைக்கூடங்கள் அக்கம்பக்கத்து இளைஞர்களைக் குழுவாகச் சேர்த்து, பெயர் பெற்ற கலைஞர்களோடு கூடி வேலை செய்ய இடங்கொடுக்கும் வழக்கம் மேனாடுகளில் இன்று வேரூன்றிவிட்டது. மினியாபொலிஸ் நகரத்து வாக்கர் கலை மையம் 1996-ஆம் ஆண்டிலேயே பதின்வயதினருக்கென ஒரு கலைச் சபையை நிறுவியது. பிரிட்டனில் டேட் கலைக்கூடம் தலைமை வகித்து, 2013 முதல் 2017 வரை, பல ஊர்க் கலைக்கூடங்களை ஒன்றிணைத்து, 15 முதல் 25 வயதுவரை உள்ளோருக்காக ‘சர்க்யூட்’ என்ற திட்டத்தை நடத்தியது. ஆனால் இம்முறையின் மகிமையையும் மாசையும் அடிமட்டம்வரை அறிய விரும்புகிறவர், இவற்றுக்கு முந்தியதான ஒரு முயற்சியை, அதாவது நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸ் பகுதியில் டிம் ராலின்ஸ் என்ற ஆசிரியரும் ‘கிட்ஸ் ஆஃப் சர்வைவல்’ என்ற பெயர் பூண்ட அவருடைய மாணவர்களும் சேர்ந்து செய்ததைத்தான் பரிசீலிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எரிந்தும் கைவிடப்பட்டும் பாழாய்க் கிடந்த கட்டடங்கள் நிறைந்த அப்பகுதியில், ஓர் அரசாங்கப் பள்ளிக்கு 1981-இல் ஓவிய ஆசிரியராக வந்தார் ராலின்ஸ். அவரிடம் ஒப்புவிக்கப்பட்ட பிள்ளைகளில் பலர் படிப்பு ஏறாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். அவர்களுக்கு எளிய பாடங்களை வகுத்துக் கொடுத்துத் திருப்தியடையாமல், காஃப்கா, ஹாதார்ன் போன்ற நாவலாசிரியர்களின் நூல்களை உரக்க வாசித்து, கேட்டபடியே மனத்தில் தோன்றுவதை வரையுமாறு தூண்டினார். பிறகு வாசித்த நூலின் பக்கங்களையே பிரித்தெடுத்து, துணித்திரையில் வரிசை பிசகாமல் ஒட்டி, அவற்றின் மேல் அனைவரும் கூடித் தீட்டினார்கள்.

‘அமெரிக்கா’ என்ற ஓவிய வரிசை இம்முறையின் உச்சம். அதே பெயர்கொண்ட, காஃப்காவின் முற்றுப்பெறாத நாவலில், பிறந்த நாட்டை விட்டு வந்து அலைக்கழியும் கார்ல் ராஸ்மன் என்னும் இளைஞன், எவரையும் தள்ளாமல் ஏற்றுக்கொள்வதாக விளம்பரம் செய்யும் ஒக்லஹோமா நாடகசாலையின் வாயிலில், தேவதை வேடம் புனைந்த பெண்கள் நூற்றுக்கணக்கில் நின்று பொற்குழல்களை மனம்போனபடி ஊதக் காண்கிறான். அக்குழல் உன்னுடையதானால் அதன் வடிவம் எப்படியிருக்கும் என்பதே ராலின்ஸ் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி. போர்ட்டோ ரிக்கோ, டொமினிகன் குடியரசு முதலிய இடங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழியில் பிறந்த அப்பிள்ளைகளுக்கு ராஸ்மன் அந்நியனாக இருந்திருக்க முடியாது. அச்செழுத்துகள் இடைவெளிகளில் தெரியும் பரப்பின்மீது, ஒன்றைப்போல் மற்றொன்றில்லாத பொன்னிறக் குழல்கள் பின்னிப் பிணைந்து, திரை முழுவதையும் நிறைக்கின்றன. இவ்வோவியத்தை ரசிப்பதற்கு அதைத் தீட்டியவர்களின் வயதோ வறுமையோ நமக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 1987-இல் காஸல் நகரத்து டாகுமெண்டா கண்காட்சியிலும், 1989-இல் நியூயார்க்கின் டியா கலை நிறுவனத்திலும் இக்குழுவினர் மற்றக் கலைஞர்களுக்குச் சமமாக இடம்பெற்றது அனுதாபத்தால் நேர்ந்ததென்று நான் நம்பவில்லை.

குறையும் இவ்விடத்திலேயே முளைக்கிறது. ஆசிரியரின் பெயர் முழுமையாக முன்னே நிற்க, பிள்ளைகள் ‘கே.ஓ.எஸ்.’ என்ற மூன்றெழுத்துச் சுருக்கத்துக்குள் அடங்கிப்போனார்கள். எந்த நூலை வாசிப்பது, எவர் வரைந்த குழல் திரையில் ஏறுவது என்பவற்றில் வெள்ளையரான ஆசிரியரின் கை ஓங்கியிருந்ததென்றும், ஐரோப்பிய இலக்கியத்தின் பெருமையைக் குடியேறியோரின் குழந்தைகள்மேல் ஏற்றினாரென்றும் ஆட்சேபங்கள் எழுந்தன. பின்னதை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. கறுப்பின அமெரிக்கர்களாகிய மால்கம் எக்ஸின் சுயசரிதையும் ரால்ஃப் எலிசனின் நாவலும் அக்குழுவின் திரைகளில் ஏறியவையே. மேலும், உயர்ந்த நூல் எவருக்கோ உரியது, இவர்களுக்கு வேண்டாம் என்று விலக்கிவைப்பதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை. ஆனால் பெயரைப் பற்றிய ஆட்சேபத்துக்குச் சமாதானம் கிடையாது. ஓவியம் அருங்காட்சியகங்களால் விலைக்கு வாங்கப்படும் நிலையை எய்தியபின், அதைச் சிருஷ்டித்த கைகளுக்குரியவர் இன்னார் இன்னார் என்று சுவரில் எழுதாமல் விடுவது அநீதி.

இன்றைய கலைக்கூடங்கள் இத்தவற்றைப் பெரிதும் திருத்திக்கொண்டுவிட்டன. இளைஞரின் பெயர்கள் அச்சிடப்படுகின்றன. அவர்களோடு ஆலோசனை நடைபெறுகிறது. சில இடங்களில் ஊதியமும் உண்டு. எனினும், ராலின்ஸிடம் இருந்த மற்றொன்றை, அதாவது காலத்தை, அவை கைநழுவ விட்டன. மானியம் முடியும் நாளில் திட்டமும் முடிகிறது. ஓர் ஓவியர் சில வாரங்கள் வந்து பழகி, ஒரு மாலைக் கண்காட்சி வைத்து, விடைபெற்றுக்கொள்கிறார். இளைஞனோ வயதுவரம்பைத் தாண்டியவுடன் வாயிலுக்கு வெளியே நிற்கிறான். இவ்வளவு சொற்பமான அவகாசத்தில் நட்பு விளையலாம், புகைப்படங்கள் விளையலாம். கடினமான நூலொன்றோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, முதல் ஐம்பது சித்திரங்களைக் கழித்துவிட்டு ஐம்பத்தோராவதைத் தேடும் பொறுமை விளைவது அரிது.

ராலின்ஸ் 2017-இல் காலமானார். அவரோடு பல ஆண்டுகள் உழைத்து வளர்ந்த ஏஞ்சல் அப்ரேயு, ஹோர்ஹே அப்ரேயு, ராபர்ட் பிராஞ்ச், ரிக் சாவினோன் ஆகியோர் ‘ஸ்டுடியோ கே.ஓ.எஸ்.’ என்ற பெயரில் அப்பணியைத் தொடர்ந்தார்கள். இளைஞருக்காகத் திட்டம் வகுக்கும் கலைக்கூட நிர்வாகிகள் இந்நால்வரின் பெயர்களையும் மனத்தில் கொண்டு, நிதி கோரும்போதே பத்தாண்டுகளுக்குச் சேர்த்துக் கோர வேண்டும்.